காலி வண்டி குதிக்கும்

எறும்பார் தன் மச்சானுக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து அறுநூற்று நாற்பது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மச்சான் என்றால் மனைவியின் உடன்பிறந்த தம்பி; வீடு வீடாகப் போய் ஒயரிங் வேலை பார்க்கிறவன். ஏழு மாதத்துக்கு முன் அவர் வீட்டுக் கூடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் மாட்டிக் கொடுத்த வகையில் நின்றுபோன பாக்கி அது. "அடுத்த வாரம் தர்றேன்டா மச்சான்" என்று அவர் சொன்ன வாரம் வரவே இல்லை. அன்றிலிருந்து மச்சானின் வண்டி தெருமுனையில் தெரிந்தால் போதும், எறும்பார் பக்கத்துச் சந்துக்குள் புகுந்துவிடுவார். கிடங்கில் நாள் முழுக்க மூட்டை சுமந்து முட்டி தேய்ந்த மனுஷன், பாக்கிக்குப் பயந்து சுற்றுவழியில் வீடு வந்து சேர்ந்தார். தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தூக்குகிறார் என்று கிடங்கில் வைத்த பெயர்தான் எறும்பு. தலை நரைத்த பிறகு மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்தது.

டிம்மர் ஆடம்பரத்துக்கு மாட்டியதல்ல. மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. சலவைக்கடையில் பளீரென்ற விளக்குகளுக்கு அடியில் எட்டு மணி நேரம் இஸ்திரி போட்டுவிட்டு வந்தால், நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடிப்பது போலிருக்கும். கூடத்து விளக்கைக் கால்வாசிக்கு இறக்கிவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால்தான் அவளுக்கு உயிர் திரும்பும்.

அந்த அரை மணி நேரத்தில்தான் எறும்பார் கைவைத்தார். கரண்ட் பில்லைப் பார்த்து வயிறெரிந்தவர், கூடத்தில் தொங்கும் கொத்து விளக்கின் நான்கு குண்டு பல்புகளையும் கழற்றிவிட்டு நான்கு எல்இடி வாங்கி மாட்டினார். ஏமாந்தும் வாங்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். அட்டைப்பெட்டியை மூக்கருகே பிடித்து, கடைக்காரர் கொட்டாவி விடும்வரை எழுத்தெழுத்தாகப் படித்தார். டிம்மருடன் பயன்படுத்தலாம் என்றுதான் போட்டிருந்தது.

முழு வெளிச்சத்தில் நன்றாகவே எரிந்தன. குமிழைத் திருகி இறக்கினாரோ இல்லையோ, நான்கும் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கின. சுவிட்சுக்குள் வண்டு புகுந்ததுபோல் ரீங்காரம் கேட்டது.

"ஏங்க, விளக்கு என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது. இத்தனை வருஷத்துல நீங்ககூட ஒருதரம் அடிச்சதில்ல" என்றாள் மனைவி.

"புதுசுல்ல. போகப் போக அடங்கிடும்."

அடங்கவில்லை. துணியால் துடைத்தார், இடம் மாற்றி மாட்டினார், இறுக்கித் திருகினார், சுவிட்சை நாலு தட்டுத் தட்டினார். நான்கு நாள் அவள் இருட்டுச் சமையலறையில் ஈரத்துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் தீர்ப்பு வந்தது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இது அடங்கணும். இல்லேன்னா நான் தம்பி வீட்டுக்குப் போயிடறேன். அங்க விளக்காவது சொன்ன பேச்சு கேக்கும். இல்ல, அவனையே வரச் சொல்லட்டுமா?"

"வேணாம், வேணாம். பாவம், அவனுக்கு ஏகப்பட்ட வேலை."

ஞாயிறு மதியம் எறும்பார் ஸ்டூல்மேல் ஏறி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பல்போடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன மாமா, சந்துல இல்லாம வீட்டுலயே இருக்கீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மச்சான்! கூடத்தில் சந்து ஏது? எறும்பார் முந்திக்கொண்டார். "வாடா. நீ மாட்டின டிம்மர்தான் மோசம்!"

மச்சான் மெயினை அணைத்தான். சுவிட்சைக் கழற்றி அதன் முதுகைத் திருப்பிக் காட்டினான். "நீங்கதான் படிச்சவராச்சே, படிங்க."

"அறுபது... ஒரு கோடு... நானூறு."

"குறைஞ்சது அறுபது வாட் சுமை இருந்தாத்தான் இது ஒழுங்கா ஓடும். உங்க பழைய பல்பு ஒண்ணே அறுபது. புதுசு எவ்வளவு?"

"ஏழு." எறும்பார் விரல் விட்டார். "நாலேழு இருபத்தெட்டு."

"சுமை பத்தல, அதான் துள்ளுது. எல்இடிக்குன்னே டிம்மர் இருக்கு. பையில வச்சிருக்கேன். தொள்ளாயிரத்து அம்பது."

பழைய பாக்கிமேல் புதுப் பாக்கியா என்று எறும்பார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். ஆனால் சுமை என்ற சொல் காதில் தங்கிவிட்டது. முப்பது வருஷமாக அவருக்குச் சோறு போட்ட சொல்லாயிற்றே.

"டேய், கிடங்குல காலித் தள்ளுவண்டி ஒவ்வொரு கல்லுக்கும் குதிக்கும், கடகடன்னு கத்தும். ஒரே ஒரு மூட்டையைப் போட்டுப் பாரு, பசு மாதிரி போகும்" என்றவர், கட்டிலுக்கடியில் புகுந்து பழைய காலுறை ஒன்றை இழுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு குண்டு பல்பு வந்தது.

"குப்பையில போட்டாச்சுன்னீங்களே?" என்றாள் மனைவி.

"போடத்தான் போனேன். கை வரல."

மச்சான் சுவிட்சை மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எறும்பார் நடுவிலிருந்த எல்இடியைக் கழற்றிவிட்டுப் பழையதைத் திருகினார். அறுபதும் மூவேழு இருபத்தொன்றும் எண்பத்தொன்று. மெயினைப் போட்டுக் குமிழை மெல்ல இறக்கினார். பாதி. கால்வாசி. நடுக்கம் இல்லை. வண்டும் வாயை மூடிக்கொண்டது. சுற்றிலும் மூன்று வெள்ளை, நடுவில் ஒரு மஞ்சள்.

"மூணு மருமக, நடுவுல ஒரு மாமியா" என்று மச்சான் சிரித்தான். "மாமியா வந்ததும் ஆட்டம் நின்னுபோச்சு பாருங்க. இது எனக்கும் தெரியும் மாமா. நீங்களா கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்த்தேன்."

"தெரிஞ்சுமா தொள்ளாயிரத்து அம்பதுன்னே?"

"வியாபாரம் மாமா."

ஜெயித்த தெம்பில் எறும்பாருக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஐந்நூறை உருவினார். "இந்தா, பாக்கியில கழிச்சுக்கோ. மீதி ஆயிரத்து நூத்தி நாப்பது, அடுத்த வாரம்..."

"எந்தப் பாக்கி?" மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா விளக்கைப் பார்த்தாள். "ஏன்க்கா, இன்னுமா சொல்லல? அதை ரெண்டாம் மாசமே அக்கா குடுத்துட்டாங்களே."

எறும்பார் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "அப்ப அஞ்சு மாசமா தெருவுல 'மாமா, மாமா'ன்னு ஏன்டா கத்தினே?"

"சௌக்கியமான்னு கேக்கத்தான். கேக்கறதுக்குள்ள பூந்துடறீங்களே."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று மனைவியிடம் திரும்பினார்.

"எதுக்கு? சுத்தி நடந்ததுல தொப்பை கொறைஞ்சுதே."

அவர் ஐந்நூறை அவளிடம் நீட்டினார். அவள் அதை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திணித்தாள். "அந்தக் கடன் நடந்தே கழிஞ்சுபோச்சு. இனிமே அந்தப் பேச்சு வேணாம். ரெண்டு பேரும் வெளிய போங்க. எனக்கு அரை மணி நேரம் வேணும்."

இத்தனை நாளுக்குப் பிறகு அவள் மறுபடி கூடத்து நாற்காலியில் சாய்ந்தாள். ஆண்கள் இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியேறினார்கள். வாசலைத் தாண்டியதும் எறும்பாரின் கால்கள் தாமாகவே சந்துப் பக்கம் திரும்பின.

"மாமா," என்றான் மச்சான், "இப்படி நேர் வழியிலயே போகலாம்."