பதினேழாவது பூச்சு

…இன்னும் ஒரு பூச்சுப் போடலாம், பதினாறு போட்டாயிற்று, திருப்பிப் பார்த்தால் முதிரை மரத்தின் வரிகள் கண்ணாடிக்கு அடியில் கிடப்பது போலத் தெரிகின்றன, கடைப் பேனை தோற்றுவிடும், ஆனாலும் மூடிக்குக் கீழே ஓரிடம் மங்கல்தான், இல்லையா, மங்கல்தானே… இதையேதான் நேற்றும் சொன்னேன். சண்டையில் மின்சாரம் போய் மூன்று வருடம், தையல் மெசினின் மிதிகட்டையைப் பூட்டித்தான் கடைசல் இயந்திரம் ஓடுகிறது, கால் மிதிக்கப் பேனை சுழல, சுப்பர் குளூ ஒரு சொட்டு, கடதாசித் துண்டால் ஒரே இழுவை, துணி கூடாது, துணியில் ஊறினால் புகைந்து விரலைச் சுட்டுவிடும், பிறகு காயவிட்டு ஈர உப்புத்தாளால் தேய்ப்பு, திரும்பவும் சொட்டு. எட்டுப் பூச்சுப் போதும் என்று முப்பது வருடக் கடைசல்காரன் எனக்குத் தெரியாதா என்ன? “அப்பா, பளபளவெண்டு ஒரு பேனை கடைஞ்சு தாங்கோ, கம்பசிலை எல்லாரும் பாக்கவேணும்” என்று பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட நின்ற சண்முகநாதன் கேட்டபோது, “முதல்லை நீ போ, பிறகு பாப்பம்” என்று விரட்டினேனே, என்ன வாய் இது… அப்படிப் போனவன்தான். கிளாலிக் கடலில் படகேறிப் பதினான்கு மாதம், ஒரு கடிதமில்லை, அந்தப் படகில் போன ஒருவரும் கரை சேரவில்லை என்று சனம் சொல்கிறது, சனம் என்னத்தைத்தான் சொல்லாது, என் பிள்ளை வேறு படகில் ஏறியிருக்கக் கூடாதா, எங்காவது பிடிபட்டு உள்ளே இருக்கக் கூடாதா, உடம்பைக் கண்டவர் யார்?

உடம்பு இல்லாவிட்டால் என்ன, தர்ப்பையில் உருச் செய்து கிரியை செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம். என் மனைவி குணலட்சுமியின் அண்ணன் கனகலிங்கம் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, “படையலிலை பிள்ளை ஆசைப்பட்டதெல்லாம் வைக்கவேணும் மச்சான், அந்தப் பேனையையும் முடியுங்கோ” என்றார். பேனை முடியட்டும், நாள் பார்ப்போம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு அமாவாசை போய்விட்டது. எனக்காக இல்லை, குணலட்சுமிக்காகத்தான், தீபாவளிக்கு அவனுக்கும் சேர்த்து வேட்டி எடுத்தவள், தெருவில் சைக்கிள் மணி கேட்டால் வாசல் படலைக்கு ஓடுகிறவள், அவளிடமிருந்து பிள்ளையைப் பறிக்க நான் யார்? நெஞ்சு வெடித்துச் செத்துப்போவாள்… அதனால் இன்னும் ஒரு பூச்சு, இன்னும் ஒரு கிழமை.

எப்போது வந்து நின்றாளோ, பேனையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “வடிவாயிருக்கு. முடிஞ்சுதே?” “இன்னும் ஒரு பூச்சு. மைக்குச்சியும் போடவேணும்” என்று மேசையில் கிடந்ததை எடுத்தேன், இந்தப் பொருளாதாரத் தடைக்குள் அந்த ஒரு குச்சிக்கு எத்தனை கடை ஏறி இறங்கினேன். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். “இஞ்சருங்கோ, இதைப் போடாதேங்கோ. படையலுக்கு வைக்கிற பேனைக்கு மை என்னத்துக்கு? எங்கடை அருந்ததிக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருது, சின்னவளுக்காவது உதவட்டும்.” அழவில்லை, குரல் தளும்பக்கூட இல்லை, எனக்குத்தான் மிதிகட்டையிலிருந்து கால் நழுவிவிட்டது. “உமக்கு… எப்ப தொடக்கம்?” என்றேன். “படகுச் செய்தி வந்த அண்டைக்கே தெரியும். நீங்கள் தாங்கமாட்டியள் எண்டுதான்…” முடிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்படியென்றால் இவ்வளவு காலமும் இந்த வீட்டில் அவன் வருவான் என்று இருந்தது நான் ஒருவன் மட்டும்தானா… இனி எப்படித் தனியே காத்திருப்பது?