கட்டிங் மாஸ்டர் பிரித்த சாக்ஸ்

பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடியே செக்கிங் பார்ப்பவள் நான். இடது காலில் நரம்பு நீலமாகப் புடைத்து, சாயங்காலமானால் கால் கல்லாய்க் கனத்தது. டாக்டர் என்னை நிற்கவைத்து ஸ்கேன் எடுத்தார். வெரிகோஸ் வெயினாம். நரம்பிலுள்ள வால்வு பழுதாகி, மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்குகிறதாம்.

"காலையில எந்திரிச்சதும் இந்த இறுக்கமான சாக்ஸப் போட்டுக்கோணுமுங்க. அதுக்கும் கேக்கலீன்னா லேசர்தான்" என்றார்.

அதைக் காலில் ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. என் கணவர் குணாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். மறுநாள் பார்த்தால், சாக்ஸின் பக்கவாட்டைப் பிரித்து, நடுவில் பனியன் துணியை வைத்துத் தைத்திருக்கிறார்!

"சைஸ் தப்பு புள்ள. இப்பப் போட்டுப் பாரு, காத்தாட்டம் இருக்கும்."

"இறுக்கறதுக்குத்தானுங்க அத வாங்குனதே!" என்று கத்தினேன்.

சாக்ஸோடு அவரையும் டாக்டரிடம் இழுத்துப் போய், கட்டிங் மாஸ்டரின் கைவேலையைச் சொன்னேன். டாக்டர் சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் சுத்தமா இருக்குதுங்க மாஸ்டர். நீங்களும் நின்னுட்டுத்தான வேலை பாக்கறீங்க? பேண்ட்டக் கொஞ்சம் தூக்குங்க."

இரண்டு காலிலும் என்னுடையதைவிடப் பெரிய முடிச்சுகள்.

"உழைச்ச காலுங்க, நரம்பு தெரியத்தான செய்யும்?" என்று பெருமை வேறு.

டாக்டர் அவருக்கும் ஒரு ஜோடி எழுதிக் கொடுத்தார். வீடு வந்ததும் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை ஒளித்து வைத்தேன்.