இடுப்போடு நின்ற படங்கள்

"களுசான் போடாமல் பெட்டிக்குள்ள வளர்த்தினால் சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனீரே?"

"கோட்டு, ரை எல்லாம் போடுவம். மேலுக்கு நீங்கள் சொல்றபடிதான்."

"அப்ப கீழுக்கு?" என்றார் குருசுமுத்து.

விக்ரோரியா வெள்ளைச் சேட்டின் கொலரை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். மேசையில் அவளுடைய தம்பி ஸ்ரிபனின் உடுப்புகள் இரண்டு அடுக்காக இருந்தன. ஒன்று, அவளுடைய கணவர் குருசுமுத்து காலையிலேயே கார் ஓடிப்போய் வாங்கி வந்த கறுப்புக் கோட்டும் முழுக்கால் களுசானும். மற்றது சிவப்பும் கரும்பச்சையுமாகக் கட்டம் போட்ட, பின்பக்கம் முழுக்கக் கொசுவம் வைத்துத் தைத்த கம்பளித் துணி. அது கில்ற், ஸ்கொட்லாந்தில் ஆம்பிளைகள் கட்டுவது என்று டென்மார்க்கின் பிராண்டேயில் இருக்கும் தமிழர் ஒவ்வொருவருக்கும் ஸ்ரிபன் விளங்கப்படுத்தி முடித்திருந்தான்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் வேலை உடுப்பு மாற்றுகிற அறையில் விழுந்தவன் பிறகு கண் திறக்கவில்லை. தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை மெஷின்களைக் கழற்றினார்கள். நாளைக்கு அடக்கம்.

குருசுமுத்து கெட்ட மனுசன் இல்லை. அவருக்கு இருந்த பயம் வீடியோவைப் பற்றியது. நாளைக்கு எடுக்கிற கசற் கொழும்புக்குப் போகும். அங்கே ஒரு லொட்ஜில் ஸ்ரிபனின் மனைவி மேரிசெலின் இருக்கிறாள். பேசாலையில் இருந்து சொந்தம் எல்லாம் வந்து, ஒரு வீட்டில் கூடியிருந்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். கோட்டு, ரை, வெள்ளைக் கையுறை, காலுறை, கையில் செபமாலை. ராசா மாதிரி அனுப்பியிருக்கினம் என்று யாராவது ஒரு கிழவி சொல்லவேண்டும். அப்போதுதான் அது செத்தவீடு.

"அந்தப் பிள்ளை அங்க நாலு பேருக்கு முன்னால தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமே?" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

மேரிசெலின் கலியாணம் முடித்து ஒரு மாதம்கூட ஸ்ரிபனோடு இருக்கவில்லை. அவன் இங்கே வந்து, இருக்க அனுமதி கிடைத்து, அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு எத்தனையோ காலம். அமைச்சில் கோப்பு கிடக்கிறது என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஏன் கிடக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. இப்போது செத்தவீட்டுக்கும் அவளுக்கு விசா இல்லை.

கில்ற் அகப்பட்டது தேவாலயத்துக்காரர் நடத்துகிற பழைய உடுப்புக் கடையில், பெண்களின் பாவாடைகளுக்கு நடுவில். ஸ்ரிபன் அதை இழுத்து எடுத்து, "அக்கா, இஞ்ச பாருங்கோ, எங்கட சாரம். பொத்தானும் வார்ப்பட்டையும் வைச்சுத் தைச்சிருக்கிறாங்கள்" என்றான். கடைக்காரக் கிழவி, இங்கே கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டுப் போன ஸ்கொட்லாந்துக்காரன் ஒருவன் தந்தது என்று சொல்லி, எப்படிக் கட்டுவது என்று அங்கேயே தன் இடுப்பில் சுற்றிக் காட்டினாள்.

ஒரு நாள் பகிடிக்குக் கட்டிவிட்டு வைத்துவிடுவான் என்றுதான் விக்ரோரியா நினைத்தாள். அவன் அதோடு வேலைக்குச் சைக்கிளில் போனான். பாண் வாங்கப் போனான். டேனிஷ் வகுப்புக்குப் போனான். பூசைக்கு வந்து முன் வாங்கில் இருந்தான். பனி கொட்டும்போது முழங்கால்வரை கம்பளிக் காலுறையை இழுத்து விட்டுக்கொண்டு, முழங்கால் சிவக்க நடந்தான். வெள்ளைக்காரர் ஒரு கிழமை பார்த்தார்கள், பிறகு மறந்துபோனார்கள். தமிழர்தான் மறக்கவில்லை. "பட்டாளம் போகுது, பாண்ட் வாத்தியம் எங்க?" என்று வாசலில் நின்று கேட்டார்கள். காற்று அடித்தால் என்ன செய்வாய் என்று குருசுமுத்து கேட்டதற்கு, முன்பக்கம் குத்தியிருந்த பெரிய ஊசியைக் காட்டி, "அதுக்குத்தானே அத்தான் இது" என்றான்.

ஒருநாள் அவரும் பொறுமை இழந்து, வெட்கமாயில்லையா என்று கேட்டுவிட்டார். அப்போது குருசுமுத்து இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். குப்பைப் பையை வெளியே கொண்டுபோய்ப் போடுவதற்குக்கூடக் களுசானுக்கு மாறுகிறவர்.

"நீங்கள் வீட்டுக்குள்ள கட்டுறதை நான் றோட்டில கட்டுறன் அத்தான். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான் ஸ்ரிபன்.

அதற்குப் பிறகு குருசுமுத்து அதைப்பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் ஊருக்கு அனுப்பப் படம் எடுக்கும்போது கமராவை அவர் கையில் எடுத்துக்கொள்வார். ஸ்ரிபன் பூங்காவில் நிற்பான், காருக்குப் பக்கத்தில் நிற்பான், கிறிஸ்மஸ் மரத்துக்கு முன்னால் நிற்பான். எல்லாப் படமும் இடுப்போடு நின்றுவிடும். கோப்புகளை அசைக்கச் சொல்லித் தமிழர் கூடிக் கொப்பன்ஹேகனில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்றபோதும், ஒழுங்கு செய்தவர்கள் ஸ்ரிபனைக் கையைப் பிடித்துப் பின்வரிசைக்குக் கொண்டுபோனார்கள். அவன் சிரித்துக்கொண்டே போய் நின்றான். மழை பெய்தது. முன்வரிசைக்காரரின் களுசான் எல்லாம் நனைந்து காலில் ஒட்டியது என்று வீட்டுக்கு வந்து சொன்னான்.

அன்று பின்னேரம் விக்ரோரியா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். இறந்தவர்களைத் துடைத்து, தலை இழுத்து, உடுப்புப் போட்டு விடுவது அவளுக்குப் பழக்கமான வேலை. தம்பிக்கு நானே போடுகிறேன் என்றபோது, பெட்டி கொண்டுவந்த ஹெனிங் என்ற டேனிஷ்காரர் தலையாட்டிவிட்டுத் தூக்கிப் பிடிக்க உதவினார். சேட், ரை, கோட்டு. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விட்டாள். பையில் களுசானும் இருந்தது, கில்றும் இருந்தது. அவள் பைக்குள் கையை விட்டுக் கில்றை எடுத்தாள்.

ஹெனிங் கில்றைக் கண்டதும், இந்தப் பையன்தானா அது, பாண் கடையில் கண்டிருக்கிறேனே என்றார்.

கொசுவம் கலையாமல் கட்டுவதற்கு இரண்டு பேரும் பாடுபட்டார்கள். கடைசியில் அந்தப் பெரிய ஊசியைக் குத்தி, காலுறையை முழங்கால்வரை இழுத்து விட்டாள். பெட்டியோடு வந்த வெள்ளைப் போர்வையால் ஹெனிங் காலில் இருந்து இடுப்புவரை மூடினார். இங்கே அதுதான் வழக்கம்.

கூட்டிப்போக வந்த குருசுமுத்து கதவடியில் நின்று பார்த்தார். கோட்டு, ரை, கையுறை, செபமாலை. கிட்ட வந்து ரையின் முடிச்சைச் சரிசெய்தார். "வடிவாய்க் கிடக்கிறான்" என்றார். நாலு நாளாக அழாதவர் அங்கே நின்று அழுதார். விக்ரோரியா களுசான் கிடந்த பையை மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், எல்லாரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, ரெலிபோன் அடித்தது. மேரிசெலின். லைன் இரைந்தது. சாப்பிட்டீர்களா மச்சாள் என்று கேட்டாள், வருத்தம் தாங்குகிறீர்களா என்று கேட்டாள், பூசை வைக்கிற பாதர் ஆர் என்று கேட்டாள். பிறகு, என்ன உடுப்பு என்று கேட்டாள்.

"கோட்டும் ரையும்" என்றாள் விக்ரோரியா.

"கீழ?"

முன்னறையில் குருசுமுத்து கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தார். விக்ரோரியா குரலைத் தணித்து, "கில்ற்" என்றாள்.

"எயாப்போட்டுக்கு அதோடதான் வருவன் எண்டு சொன்னவர் மச்சாள்" என்றாள் மேரிசெலின். "எனக்கு அவற்ற முகம் மறந்துபோடும் எண்டு பயம். அதை அவரிட்டச் சொல்லிப்போட்டன். அவர் சிரிச்சார். குளிருக்கு எல்லாரும் ஒரே மாதிரி நிப்பினம், நீ முகத்தைத் தேடாத, கட்டத்துணியைத் தேடு எண்டார். ஒரு படத்திலயும் நான் அதைக் காணேல்லை மச்சாள். ஒருக்கா முழுசா எடுத்து விடுங்கோ."

லைன் அறுந்தது.

சிற்றாலயத்தில் சனம் நிறைந்திருந்தது. வீடியோ எடுக்க வந்த பூபாலசிங்கம் கமராவைத் தோளில் வைத்து, தலைமாட்டில் இருந்து மெல்ல மெல்லக் கீழே வந்தார். நெற்றி, ரை, கையுறை, செபமாலை. போர்வை தொடங்குகிற இடத்தில் நிறுத்தித் திரும்பவும் முகத்துக்குப் போனார். பாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூடியைத் தூக்க ஹெனிங்கும் இன்னொருவரும் இரண்டு பக்கத்திலும் வந்து நின்றார்கள்.

கால்மாட்டில், போர்வையின் நுனி தொங்குகிற இடத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு குருசுமுத்து நின்றார்.

விக்ரோரியா பூபாலசிங்கத்தின் கையைத் தொட்டு மறித்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் போர்வையை ஒருக்கா எடுத்து விடுங்கோ."

கமராவில் சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது.