போட்டு வாறன்

வட்டுக்கோட்டைத் தேவாலயத்து மண்டபத்தில் மாதம் ஒரு தடவை வாசகர் வட்டம் கூடும். பாதிப் பேர் றோல்ஸுக்கும் தேத்தண்ணிக்கும் வருகிறவர்கள். மற்றப் பாதிப் பேர் வாசிக்காமலே கருத்துச் சொல்லக்கூடியவர்கள். வாசித்துவிட்டு வந்து வாய் திறக்காமல் இருப்பவர் சுகிர்தம் ரீச்சர் ஒருவர்தான்.

இந்த முறை ஒரு பழைய சரித்திர நாடகம். இளவரசன் "சென்று வருகிறேன் அம்மா" என்று சொல்லிப் போருக்குப் போகிறான், அங்கேயே மடிகிறான். செய்தி கேட்ட அரசி அழவில்லை. "இனி இந்த அரண்மனையை விட்டுப் போகிற எவனும் வருகிறேன் என்று சொல்லக்கூடாது" என்று கட்டளையிடுகிறாள். அதோடு திரை விழுகிறது.

"முடிவு சரியில்லை," என்றார் அருள்நேசன். ஓய்வுபெற்ற அதிபர், தேவாலயச் சபைக்கும் அவரே செயலாளர். "பிள்ளை செத்த உடனை எந்தத் தாய் சட்டம் போட்டுக்கொண்டிருப்பா? ஒரு ஒப்பாரியாவது வைச்சிருக்க வேணும்."

ஒப்பாரி வைத்துப் பார்த்த அனுபவம் அவருக்கு ஏது? ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சுகிர்தத்துக்குக் கோபம்கூட வரவில்லை. அவருடைய மகன் றொபின், போர் முடிவதற்கு முந்திய வருடம் சாவகச்சேரிக்கு பஸ் ஏறப் போனவன். வீட்டு வாசல் படலையில் நின்று "போட்டு வாறன்" என்று சொன்னவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. போறன் என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டால் அபசகுனம் என்கிற ஊர் இது. வாறன் என்று சொன்னவனைச் செத்தவர்களோடு எப்படிச் சேர்ப்பது? மரித்தோர் நினைவு ஆராதனையில் அவன் பெயரை வாசிக்க அவர் ஒரு வருடமும் விட்டதில்லை. வருகிற ஞாயிறு மறுபடி அந்த ஆராதனை. "இந்த முறையாவது வாசிக்கச் சொல்லட்டோ அம்மா?" என்று மகள் றெபேக்கா காலையிலும் கெஞ்சினாள். குடையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

நாடகத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்ததிலிருந்து நெஞ்சு மரத்துக் கிடந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி, தொட்டால் தெரிந்தது, நோகவில்லை.

"ரீச்சர், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?" என்றார் அருள்நேசன்.

"அரசி சொன்னது சரி," என்றார். அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் போறன்."

றோல்ஸ் கடித்துக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. அருள்நேசன் பதறிப்போனார். "உதென்ன கதை ரீச்சர், போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

"றொபினும் அப்பிடித்தான் சொன்னவன், சேர். ஞாயிற்றுக்கிழமை அவன்ரை பேரையும் வாசிக்கச் சொல்லுங்கோ."

அழுகை வரும் என்று வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தார். வரவில்லை. குடையை விரித்துக்கொண்டு போனார்.