கரிச்சான் பாட்டுக்குள் ஒரு விசில்

இணையப் பக்கத்தில் பாட்டைக் காணோம். கரிச்சான்குருவியின் சொந்தக் குரல் இரண்டெழுத்தும், அதற்குப் பின் கோண அடைப்பை மூடும் குறி ஒன்றும் மட்டும் அம்போவென்று நின்றன.

மனைவி இறந்தபின் எதற்கும் பதறாதவன் பதறினான். ஜன்னலோர மரத்துக் கரிச்சானைக் கேட்டுக் கேட்டு அவள் கணினியில் எழுதிவைத்த பாட்டு அது. அதை அவன் இணையப் பக்கத்தில் ஏற்றிய மறுநாளே அந்தக் கணினி உயிரை விட்டுவிட்டது. வேறு பிரதி கிடையாது.

"மூஞ்சிய தொங்கப் போடாதீங்க மாமா," என்றான் அவள் தம்பி. இணையப் பக்கம் கட்டுவதுதான் அவனுக்குப் பிழைப்பு. பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூல எழுத்தைத் திறந்து காட்டினான்.

அத்தனையும் அங்கே இருந்தது.

கரிச்சான் மற்றப் பறவைகளைப் போலவும் பாடும். அந்த இரவல் குரலை அவள் கோண அடைப்புக்குள் ஆங்கில எழுத்தில் எழுதுவாள். இரவலுக்குள் இரவல் என்றால், அடைப்புக்குள் அடைப்பு.

"கோண அடைப்பப் பாத்தா உலாவி அதைக் கட்டளைன்னு நினைச்சுக்கும். அக்கா பாட்ட அப்படியே முழுங்கிடுச்சு. முதல் மூடும் குறி வந்ததும் கட்டளை முடிஞ்சுதுன்னு விட்டுடுச்சு. ரெண்டாவதுதான் அநாதையா நிக்குது."

"அப்ப அழியலையா?"

"காட்டல, அவ்வளவுதான். அடைப்புக் குறிக்குப் பதிலா, அதைக் குறிக்கிற மாற்றெழுத்து போட்டா, உலாவி அதை வெறும் எழுத்துன்னு புரிஞ்சுக்கும்."

மாற்றெழுத்துகள் எல்லாமே & குறியில் தொடங்குபவை. இரண்டு பறவை ஜோடியாகப் பாடும் இடங்களில் அவளும் & போட்டிருந்தாள்; அதையும் மாற்ற வேண்டும். தானே செய்கிறேன் என்று அவன் தம்பியிடமிருந்து விசைப்பலகையைப் பிடுங்கிக்கொண்டு முதலில் அடைப்புகளை மாற்றினான். பிறகு எல்லா & குறிகளையும் மாற்றினான். பக்கமெங்கும் எறும்பு மொய்த்தாற்போல மாற்றெழுத்துகள்.

"போட்ட மாற்றெழுத்தையே திரும்ப மாத்திட்டீங்களே! & தான் முதல்ல மாத்தணும். காரியத்தக் கெடுக்கறதுல நீங்க கில்லாடின்னு அக்கா சும்மாவா சொல்லும்?"

"உங்கக்கா பொய் சொல்லமாட்டா."

பழையபடி ஆக்கிவிட்டு, இம்முறை வரிசை தவறாமல் மாற்றினான். பாட்டு முழுசாக எழுந்து நின்றது. கரிச்சானுக்குள் மைனா. மைனாவுக்குள் ஏதோ ஒரு சின்ன ஒலி: இரண்டு குறில், ஒரு நெடில்.

தம்பி உதட்டைக் குவித்து அதை ஊதிப் பார்த்தான். ஊதியவன் சட்டென்று நிறுத்தினான்.

"மாமா... இது அக்கா விசில்."

தெருவில் நின்று, மாடியிலிருந்து சாவியைப் போடச் சொல்லி அவள் அடிக்கும் விசில். அவளிடம் மைனா கற்றது. மைனாவிடம் கரிச்சான் கற்றது. கரிச்சானிடமிருந்து அவளே திரும்பக் கேட்டு, சிரித்துக்கொண்டு எழுதியிருப்பாள். அவனிடம் மூச்சு விடவில்லை.



வெளியே மரத்தில் கரிச்சான் தொடங்கியது. முதலில் அதன் சொந்தக் குரல், அடுத்து மைனா. அதற்குள்ளே, சன்னமாக, துல்லியமாக, இரண்டு குறில், ஒரு நெடில்.

அவன் ஜன்னலில் நின்றான். கையில் சாவி இருந்தது. ஆணியிலிருந்து அதை எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.