வளைவுக் குடமும் தண்ணீர்க் குடமும்

உலகத்துக்குத் தேர்தல் நடத்தக் கற்றுக்கொடுத்தது உத்திரமேரூர். மற்ற நாடுகள் எங்களைப் பார்த்துத்தான் எழுதின. சில நாடுகள் சரியாகப் பார்க்காமல் எழுதின. இதைச் சொன்னவன் பாண்டுரங்கன், வரலாறு மூன்றாம் ஆண்டு. சொல்லும்போது சிரிக்க மாட்டான்.

2007இல் மக்கள் கருத்தறியப் பேரூராட்சி ஓர் இணையதளம் தொடங்கியது. பழைய குடவோலை முறைப்படி ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு குடத்தின் படம். பிடித்த குடத்துக்குள் ஓலையை இழுத்துப் போட வேண்டும். வாக்காளர் அட்டைக்கு ஒரே ஓலை. போட்டதை எடுக்க முடியாது. போட்டவருக்கு நட்சத்திரமும் 'ஏரி வாரியச் சிங்கம்' என்ற பட்டமும் உண்டு. கடைசி நாளில் அதிக ஓலை விழுந்திருக்கும் குடத்துக்கு நிதி.

கல்வெட்டு பதித்த நுழைவு வளைவு கேட்டுப் பாண்டுரங்கன் தபாலில் அனுப்பிய மனுவும் அதில் ஏறியிருந்தது. ஆனால் அவன் ஓலை போடவில்லை.

"நட்சத்திரத்துக்கு ஓட்டுப் போட நாம இன்னா எல்.கே.ஜி.யா?" என்றான்.

அவன் போடாமலே வளைவுக் குடம் மளமளவென்று ஏறியது. லுக்மான் பாயின் பிரவுசிங் சென்டரில் அமீனா பீவியின் தெருப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் தெருக் குழாயில் கோடை முழுக்கக் காற்றுதான் வந்தது. குடத்தைக் கண்டதும் தண்ணீருக்குத்தான் என்று நினைத்து, முதலில் தெரிந்த வளைவுக் குடத்திலேயே எல்லாரும் போட்டுவிட்டார்கள். தண்ணீர்க் குடம் அதற்கு அடுத்து இருந்தது.

விஷயம் தெரிந்ததும் அமீனா பீவி பாண்டுரங்கனை மடக்கினார்.

"இன்னா பாண்டு, உன் வளைவுக்குக் கீய குடத்த வெச்சா தண்ணி ஊத்துமா?"

"நீங்க படிச்சிட்டுப் போட்டிருக்கணும்மா."

"படம் போட்டவன் ஒயுங்கா போட்டிருக்கணும். குடத்துல தண்ணி இல்லாம வேற இன்னா இருக்கும்னு நெனப்போம்?"

லுக்மான் பாய் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தார். போட்ட ஓலை போட்டதுதான் என்றார்கள்.

"அப்ப வூட்டு ஆம்பளைங்க ஓலை கீதில்ல? கடைய சாத்திக்கினு வரட்டும். போடாம ஒருத்தனுக்கும் சோறு கெடையாது" என்றார் அமீனா பீவி.

ஆண்கள் வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே சிங்கங்கள் ஆனார்கள். கடைசி நாள் மாலையிலும் தண்ணீர்க் குடம் வளைவுக் குடத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருந்தது. தெருவில் ஓலை தீர்ந்துவிட்டது. பெண்கள் அடுத்த தெருவுக்கு ஆள் பிடிக்கக் கிளம்பினார்கள்.

பாண்டுரங்கன் பிரவுசிங் சென்டருக்குள் வந்தான்.

"பாய், மூலை கம்ப்யூட்டர் காலியா?"

"இன்னாத்துக்கு?"

"மெயில் பாக்கணும்."

தடுப்பின் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினான். வளைவுக் குடத்தைத் தாண்டி, ஓலையைத் தண்ணீர்க் குடத்தில் போட்டான்.