எண் இல்லாத துப்பாக்கி

1.

இந்தக் கதை ஒரு கேள்விக்குறியில் பிறந்தது. அதைப் போட்டது நான் இல்லை. துப்பாக்கிப் பைத்தியம் பிடித்த யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் பழைய போர்ப்படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதில் வரும் சோவியத் ஆயுதங்களையெல்லாம் இணையத்தில் ஏற்றியிருக்கிறான். எந்தக் காட்சியில் எந்தத் துப்பாக்கி, எந்த வருடத்துத் தயாரிப்பு, கதை நடக்கும் காலத்துக்கு அது பொருந்துமா என்று பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி ஒன்றுவிடாமல் குடைந்திருக்கிறான். சொன்னது அத்தனையும் சரி. ஒரே ஒரு புகைப்படத்தின் கீழே மட்டும் தடுமாறியிருக்கிறான்: ‘மோசின் துப்பாக்கி. மரக்கட்டை விசித்திரமாக இருக்கிறது. ஸ்டுடியோவில் செய்ததா?’

இல்லையப்பா. ஸ்டுடியோவில் செய்ததில்லை.

அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவள் நான். பெயர் ரெஜினா. மின்ஸ்க்கில், லிஃப்ட் அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் உயிரோடுதான் இருக்கிறேன். கண் தெரிகிறது, விரல் மடங்குகிறது, ஞாபகத்துக்கும் குறைவில்லை. இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டாள், அதனால் தயங்காமல் ஆரம்பிக்கிறேன்.

2.

‘1974, இலையுதிர்காலம். போலேசியாவின் சதுப்பு நிலத்தின்மேல் மூடுபனி ஒரு வெள்ளைப் போர்வையைப் போல—’

வேண்டாம். மூடுபனியைப் போர்வை ஆக்குகிறவர்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

‘அன்று காலை யாட்விகா காலித் தேனீப்பெட்டியின் மூடியைத் திறந்து, பன்றிக்கொழுப்பு தடவிய துணிமூட்டையை—’

இது நல்ல தொடக்கம்தான். ஆனால் அவள் பெட்டியைத் திறந்தபோது நான் அங்கே இல்லை. (இருந்திருந்தால் மூடச் சொல்லியிருப்பேன்.) நான் பார்த்த இடத்திலிருந்தே தொடங்குவதுதான் நியாயம்.

நாங்கள் படம் எடுத்தது காட்டோரக் கிராமம் ஒன்றில். கதை, ஜெர்மன்காரர்களை எதிர்த்த கெரில்லாக்களைப் பற்றியது, நடப்பது நாற்பத்திரண்டாம் வருட வசந்தத்தில். கெரில்லாக்களாக நடிக்க ஊர்க்காரர்களையே கூப்பிட்டோம். பாதிப் பேர் நிஜமாகவே அந்தக் காட்டில் சண்டை போட்டவர்கள். இது எங்களுக்கு வசதி என்று நினைத்தோம். எங்கள் நினைப்பு முதல் நாளே பல்லிளித்தது.

ஏனென்றால் என் திரைக்கதையில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘காட்டிலிருந்து கெரில்லாக்கள் வெளிப்படுகிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் பப்பாஷா.’

பப்பாஷா என்றால் அடியில் வட்டத் தட்டு மாட்டிய இயந்திரத் துப்பாக்கி. போர் முடிந்த பிறகு கட்டிய நினைவுச்சின்னம் எதைப் பார்த்தாலும் சிப்பாயின் கையில் அதுதான் இருக்கும். ராணுவ லாரியில் வந்து இறங்கிய அந்தத் துப்பாக்கிகளைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஏம்மா, எழுதுற பொண்ணு,” என்று என்னைக் கூப்பிட்டாள் யாட்விகா. ஐம்பது வயது இருக்கும், பால்பண்ணையில் வேலை. “நாப்பத்திரெண்டுல இத்தனை பப்பாஷா எங்ககிட்ட இருந்திருந்தா நாங்க எதுக்கு சேத்துல படுத்துக் கெடக்கப் போறோம்? நேரா பெர்லினுக்கு நடையக் கட்டியிருப்போமே!”

“அத்தை, திரையில எடுப்பா தெரிய வேணாமா?” என்றார் இயக்குநர் ரொமான் அர்கதியெவிச்.

“எடுப்பாத் தெரிய இதென்ன கல்யாணமா?”

நான் இயக்குநர் பக்கம் நின்றேன். இன்றைக்கும் அவர் பக்கம்தான். அந்த வரியை இன்னொரு முறை எழுதச் சொன்னாலும் அப்படியே எழுதுவேன். மோசின் துப்பாக்கியை ஒரு தடவை சுட்டுவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளி மறுபடி சுடுவதற்குள் பார்வையாளர் கொட்டாவி விட்டுவிடுவார். எனக்குப் படம் ஓட வேண்டும்.

[பக்கக் குறிப்பு: அந்தப் பப்பாஷாக்கள் நிஜமானவைதாம், வெற்றுத் தோட்டா சுடும்படி குழல் வாயை அடைத்திருந்தார்கள். அந்த அடைப்பையும் கேள்விக்குறிக்காரன் கண்டுபிடித்து வட்டம் போட்டிருக்கிறான். கழுகுக் கண்.]

பின்வரிசைக்காரர்களுக்குக் கொஞ்சம் மோசின்களும் வந்திருந்தன. எல்லாத் துப்பாக்கியின் கட்டையிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண் இருக்கும். காலையில் எண்ணிக் கொடுப்பதும் மாலையில் எண்ணி வாங்குவதும் சார்ஜென்ட் ரெனாத்தின் பொறுப்பு. கசான் நகரத்துப் பக்கத்துப் பையன், இருபத்தொரு வயது. படப்பிடிப்பு தகராறில்லாமல் முடிந்தால் அவனுக்கு ஊருக்குப் போக விடுப்பு. அதற்காக அவன் துப்பாக்கிகளைத் தன் தங்கைகளைப் போலப் பார்த்துக்கொண்டான்.

3.

மறுநாள் யாட்விகா தன் வீட்டிலிருந்தே ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தாள். “அந்தக் காலத்துத் துணி, பை, எது வீட்டுல இருந்தாலும் கொண்டாங்க” என்று ஒலிபெருக்கியில் சொன்னவர் இயக்குநர். எது இருந்தாலும் என்றால் எது இருந்தாலும்தானே?

யாரும் கவனிக்கவில்லை. புகை போட்டிருந்தது, எல்லார் தோளிலும் துப்பாக்கி. அவள் தோளில் இருந்ததன் கட்டை மட்டும் பேரிமரத்தில் கையால் செதுக்கியது. காட்டிலிருந்து வெளிப்படும் காட்சியை எடுத்தோம். பப்பாஷாக்காரர்களுக்கு நடுவே அவள் நடந்து வந்தாள். கேமராக்காரர் மட்டும், “அந்தம்மா நல்லா நடக்கறாங்க” என்றார்.

கஞ்சிக்கு மணி அடித்தது. இங்கேதான் ஒரு தவறு நடந்தது. காட்டுப் படையில் இருந்தவர்களுக்குக் கஞ்சி மணி கேட்டதும் கை தானாகத் துப்பாக்கியை மற்றவற்றோடு சேர்த்துக் கூம்பாகச் சாய்த்து வைக்கும், அப்புறம்தான் கரண்டியைத் தேடும். யாட்விகாவும் அப்படியே வைத்தாள். கோதுமைக் கஞ்சியைத் தின்றாள். பால் கறக்க ஓடினாள். கூம்பை ரெனாத்தின் ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளிச்சம் போவதற்குள் ரெனாத் எண்ணினான். திரும்ப எண்ணினான். பிறகு லாரியிலிருந்து குதித்து இயக்குநரிடம் ஓடி வந்தான்.

“ஒண்ணு கூடுதலா இருக்கு!”

“குறையலையே, விடு தம்பி.”

“குறைஞ்சா என்ன செய்யணும்னு தெரியும். கூடினா என்ன செய்யணும்னு யாருமே சொல்லித் தரலியே!” பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. “எண் இல்லை. குழல்ல அடைப்பு இல்லை. மோந்து பாருங்க, தேன் வாசம் அடிக்குது.”

போர்க்காலத்திலிருந்து யாரோ ஒளித்து வைத்திருந்த துப்பாக்கி என்று எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. நாற்பத்திநாலில் ஜெர்மன்காரர்கள் போனதும் எல்லாத் துப்பாக்கியையும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. ஒளித்து வைத்தவர்களுக்குச் சிறை. இத்தனை வருடம் கழித்தும் சிறைதான்.

ரெனாத் ஊர்க்காரர்களை வரிசையாக நிறுத்திக் கேட்டான். “யாருது இது?”

பால் வாளியோடு வந்து சேர்ந்த யாட்விகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“என்னுது இல்லை,” என்றாள். “ஆனா நான்தான் கொண்டாந்தேன்.”

“அப்ப யாருது?”

“மிகாஸுது.”

“எங்க அந்த ஆளு?”

“பாலத்துக்குப் போயிருக்கான். ரயில் பாலத்துக்கு.”

“எப்பப் போனாரு?”

“நாப்பத்திமூணுல.”

ரெனாத் அந்தப் பாலத்தைக் கடந்துதான் ரயிலில் வந்திருந்தான். துப்பாக்கியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“கண்ணிவெடி வைக்கப் போனான் தம்பி. ஊர்ந்து போறப்ப துப்பாக்கி இடிக்கும்ல? ‘கொஞ்சம் புடிச்சுக்கோ, இதோ வந்துடறேன்’னான். என் துப்பாக்கியை நான் அப்பவே ஒப்படைச்சுட்டேன். இது அவனுது. அடுத்தவன் பொருளைத் தூக்கிக் குடுக்க நான் யாரு? வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?”



4.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். மிகாஸ் அவளுடைய காதலனா? முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். ‘பிர்ச் மரங்களின் அடியில் அவன் அவள் கையைப் பற்றி—’ என்று அரைப் பக்கம் ஓடியது. பிறகு எனக்கே அவளை அடையாளம் தெரியாமல் போயிற்று. அரைப் பக்கத்தையும் கிழித்தேன்.

ஏனென்றால் நான் அவளிடமே கேட்டிருந்தேன்.

“மிகாஸ் உங்களுக்கு யாரு அத்தை?”

“யாருமில்ல. கண்ண மூடினா என் பங்குக் கஞ்சியத் திருடித் தின்னுற பய.”

“அவனுக்காகவா இதை...”

“அவனுக்காக எங்க? பொருளு அவனுது. நீ பக்கத்து வீட்டுச் சல்லடைய வாங்கினா திருப்பித் தரமாட்டியா?”

(தந்ததில்லை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.)

5.

ரெனாத்தை வழிக்குக் கொண்டுவந்தது இயக்குநர். அந்த மனிதருக்குச் சினிமா தவிர வேறு சட்டம் தெரியாது.

“தம்பி, அந்தத் துப்பாக்கி ஷாட்டுல வந்தாச்சு. ஷாட்டுல வந்த பொருள் அடுத்த ஷாட்டுலயும் அதே கையில இருக்கணும். இல்லைன்னா ஜனங்க சிரிப்பாங்க. படப்பிடிப்பு முடியற வரைக்கும் அது படத்தோட சொத்து.”

“முடிஞ்சப்புறம்?”

“முடிஞ்சப்புறம் நீயாச்சு, உன் சட்டமாச்சு.”

“கடைசி நாள் வரைக்கும் என் கண்ணுக்கு எதுவும் தெரியலை,” என்றான் ரெனாத். “அன்னிக்கு ‘யாருது’ன்னு மறுபடி கேப்பேன். என்னுதுன்னு சொல்றவங்க என்கூட வரணும். யாரும் சொல்லலைன்னா உருக்குற உலைக்குப் போயிடும். என்னை அதுக்கு மேல கேக்காதீங்க.” நல்ல பையன். அவனைக் கெட்டவனாக எழுதினால் கதை விறுவிறுப்பாகும் என்று தெரியும். எழுத மாட்டேன்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். யாட்விகா துப்பாக்கியோடு தண்ணீர் எடுக்கும் காட்சி. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கும் காட்சி. மழையில் துப்பாக்கிக்குத் தன் மேல்கோட்டைப் போர்த்திவிட்டு அவள் நனையும் காட்சி. காட்சி இருக்கும்வரை படப்பிடிப்பு இருக்கும், படப்பிடிப்பு இருக்கும்வரை யாரும் கேட்க முடியாது.

“ரெஜினா, இது போர்ப்படமா, உருளைக்கிழங்குப் படமா?” என்று கத்தினார் இயக்குநர். கத்திவிட்டு எடுத்தார். அவருக்கு நான் செய்வது தெரியும். இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் பப்பாஷா சண்டைகளை மறந்துவிடுகிறார்கள், அந்தக் காட்சிகளைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள். பாராட்டு எனக்குத்தான் வந்தது. மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

6.

பனி விழுந்தது. வசந்தத்தில் நடக்கும் கதைக்குப் பனி ஆகாது. ஸ்டுடியோவிலிருந்து திரும்பி வரச் சொல்லித் தந்தி மேல் தந்தி. கடைசி நாள் வந்துவிட்டது.

முடிவை நான் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் துப்பாக்கி உலைக்குப் போகிறது, யாட்விகா பேருந்து நிறுத்தம்வரை லாரியின் பின்னால் ஓடுகிறாள். அழுத்தமான முடிவு, பரிசுகூடக் கிடைக்கும். ஆனால் அவள் எதன் பின்னாலும் ஓடுகிற ஆள் இல்லை. இன்னொன்றில் அவள் ‘என்னுது’ என்று சொல்லிவிட்டுச் சிறைக்குப் போகிறாள். அதற்கு அவள் பொய் சொல்ல வேண்டும், சொல்ல மாட்டாள். மூன்றாவதில், மரங்களுக்கு நடுவிலிருந்து தாடி நரைத்த ஒரு மனிதன் வந்து, ‘என் துப்பாக்கி எங்க—’

இந்த வரியை அடித்துவிட்டேன். அடித்த பிறகும் ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். கடைசி ஷாட் முடிந்தது. இயக்குநர் தொப்பியைக் கழற்றி எல்லாருக்கும் நன்றி சொன்னார். ரெனாத் எண் போட்ட துப்பாக்கிகளை எண்ணி ஏற்றினான், கணக்குச் சரியாக இருந்தது. பிறகு எங்களை நோக்கி நடந்து வந்தான். யாட்விகாவும் நானும் ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தோம். எழுத என்னிடம் ஒரு காட்சியும் மிச்சமில்லை.

யாட்விகா பதற்றமே இல்லாமல் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

“மாடு கத்துது,” என்றாள். மோசினை என் கையில் வைத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. “கொஞ்சம் புடிச்சுக்கோ பொண்ணே, இதோ வந்துடறேன்.”

போய்விட்டாள். மாடு கத்தியதாக எனக்கு ஞாபகமில்லை.

ரெனாத் என் முன்னால் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

“யாருது இது?” என்று கேட்டான்.

7.

என்ன பதில் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். கேள்விக்குறிக்காரன் இதைப் படிப்பான், உலோகம் தேடும் கருவியோடு காட்டில் அலைகிறவர்களும் படிப்பார்கள். அடுத்தவர் பொருளைப் பற்றி அவர்களிடம் வாயை விட நான் யார்?

ஆனால் கதையைப் பாதியில் விட்டுப் போகிறவள் என்ற பெயரும் எனக்கு வேண்டாம். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கும் சத்தம் கேட்கிறது. அதை இறக்கிவிட்டு வருகிறேன், அதுவரை கையை நீட்டுங்கள். துப்பாக்கி கனமாக இருக்கும், கட்டையைப் பிடித்தால் தேன் வாசம் கையில் ஒட்டும். பையன் முன்னால் நின்று உங்களையே பார்ப்பான், அவனுக்கும் ஊருக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு அவனிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்.

கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இதோ வந்துவிடுகிறேன்.